பட்டிப் பொங்கல் எங்கே போனது?

புலம்பெயர்ந்தோர் பொங்கலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ஒன்று, 'மரபைக் கட்டிக் காக்கிறோம்' என்ற பெருமிதம். இல்லையென்றால், 'எல்லாம் போச்சு' என்ற புலம்பல். இரண்டுமே பொங்கலை ஒரு கட்டிப்பொருளாகக் கருதுகின்றன. நான் கேட்க விரும்புவது வேறு. கொண்டுவந்தது எது, விட்டுவந்தது எது, ஏன்?

நான் வாழும் ரொறன்ரோவையே எடுத்துக்கொள்கிறேன். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு ஈழத்தமிழர் பெருமளவில் வந்து சேர்ந்த நகரம். தை முதல் நாள் இங்கு உறைபனிக் காலம். சூரியன் எழவே காலை 7.45 தாண்டிவிடும். யாழ்ப்பாணத்தில் முற்றம் மெழுகி, கோலம் போட்டு, அடுப்பு மூட்டி, பால் பொங்கிச் சரியும்போது வெடி கொளுத்துவோம். இங்கே மின்னடுப்பு. கூரையில் புகை மணி. "பொங்கட்டும், ஆனா அடுப்பில ஊத்த விடாதை" என்பார் அக்கா. பொங்கி வழிதல்தான் இந்தச் சடங்கின் மையம். அந்த மையமே இங்கு அடக்கி வைக்கப்படுகிறது. ஒன்ராறியோவில் தைப்பொங்கல் பொது விடுமுறையும் அல்ல. ஆகவே வேலைக்கு ஓடும் முன் ஒரு சின்னப் பானை, சனிக்கிழமை சிநேகிதர் குடும்பங்களோடு பெரிய பானை.

இதை வெறும் இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் யார் வீட்டு முற்றத்தில் யார் எதுவரை வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அடுக்குமாடியில் முற்றமே இல்லை. வேலைத்தலத்தில் பழகியவர்கள், ஒரே மாடியில் குடியிருப்பவர்கள், வேதக்காரக் குடும்பங்கள் எல்லாம் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறோம். இது பெறுமதியான மாற்றம். ஆனால் கல்யாணப் பேச்சு வந்தவுடன், "ஊரில எந்தப் பக்கம்?" என்ற கேள்வியும் அதே மேசைக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது மேடை. ஒன்ராறியோ 2014இல் சட்டமாகவும், கனடிய நாடாளுமன்றம் 2016இல் தீர்மானமாகவும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அகதியாக வந்தவர்களுக்கு இந்த அங்கீகாரம் சின்ன விஷயமில்லை. ஆனால் அரசு அங்கீகரிக்கும் மரபு எப்போதும் ஒரு முகம் கொண்ட மரபு. மேடையில் 'தமிழர்' என்ற ஒற்றைச் சொல் நிற்கிறது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமை கேட்டுப் போராடியவர்களும் தமிழர், மறித்தவர்களும் தமிழர் என்ற வரலாறு அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இங்குதான் மறுநாள் வரும் பட்டிப் பொங்கல் நினைவுக்கு வருகிறது. சூரியனுக்குப் பொங்கியதைக் கொண்டுவந்தோம். மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டுப் பொங்கியது பெரும்பாலும் வரவில்லை. 'மாடு இல்லை, அதனால் இல்லை' என்பது எளிய விடை. பட்டிப் பொங்கல் உழைப்பை நேருக்கு நேர் பார்க்கும் நாள். அதிலும் ஊரிலேயே ஒரு மௌனம் இருந்தது. நிலம் ஒருவருடையதாகவும் குனிந்து அறுத்தவர் வேறொருவராகவும் இருந்த இடங்களில், மாட்டுக்குக் கிடைத்த மாலை அறுத்தவருக்குக் கிடைத்ததில்லை. புலம்பெயர்ந்தபோது மாட்டோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் விட்டுவந்தோம்.

ஆனால் கேள்வி இங்கேயும் இருக்கிறது. ஒன்ராறியோவின் தக்காளியையும் பழங்களையும் பறிப்பவர்களில் பெரும்பகுதியினர் ஜமேக்காவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வருகிறவர்கள். ஜமேக்கரை 1966இலும் மெக்சிக்கரை 1974இலும் இணைத்துக்கொண்ட பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் இன்றும் தொடர்கிறது. அதன்படி ஒருவர் வருடத்தில் அதிகபட்சம் எட்டு மாதம் தங்கலாம், டிசம்பர் 15க்குள் வெளியேற வேண்டும். குடும்பத்தைக் கூட்டிவர வழியில்லை. நாம் உழவர் திருநாளை வாழ்த்தும்போது, இந்த மண்ணில் அறுத்தவர்களில் பலர் இந்த நாட்டிலேயே இல்லை.

நம்மில் பலர் தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் தொடங்கியவர்கள். ஆகவே இதை உணர நமக்குக் கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. மரபுத் திங்கள் மேடைகளில் ஒரு மாலையாவது பட்டிப் பொங்கலுக்கு ஒதுக்கப்படட்டும். அறுத்தவர் யார், அவர் எங்கே என்று அங்கே பேசுவோம். ஊரின் சாதியும் இந்த நாட்டின் தொழிலாளர் விதியும் ஒரே பேச்சில் வரட்டும். ஒற்றுமை குலைந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். யாருடைய மௌனத்தின் மேல் அந்த ஒற்றுமை நிற்கிறது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.