வெள்ளோட்டத்தில் தோற்ற நாடகம்

புதுத் தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். சாமி இல்லாமல் வெறுந்தேரை ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் ஒழுங்காக உருளுகிறதா, அச்சு தாங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். கோளாறு இருந்தால் தச்சரைக் கூப்பிட்டுச் சரி செய்வார்கள். அதன் பிறகுதான் சாமி தேர் ஏறும்.

டெலிவிஷன் தொடர் நாடகத்துக்கும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு. முதலில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு "பைலட்" என்று பெயர். அது நன்றாக வந்தால்தான் மற்றப் பகுதிகளை எடுப்பார்கள்.

இன்று சினிமா, டெலிவிஷன் பாடம் படிக்கும் கல்லூரி மாணவர்களும் பைலட் எடுக்கிறார்கள். கதை எழுதுவது முதல் காமிரா பிடிப்பது வரை எல்லாம் அவர்களே. முதல் படம் சரியாக வராவிட்டால் சோர்ந்து போகிற மாணவர்கள் உண்டு. "இதற்காகவா பணம் கட்டினோம்?" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு.

இவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அது கற்பனைக் கதை அல்ல. 1963-ம் ஆண்டில் லண்டன் நகரில் நடந்தது.

இளம் ஜோடி

பி.பி.சி. டெலிவிஷனில் நாடகப் பகுதியின் தலைவராக இருந்தவர் சிட்னி நியூமன். கனடா நாட்டுக்காரர். சனிக்கிழமை மாலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஒரு தொடர் வேண்டும் என்று அவர் விரும்பினார். காலத்தைக் கடந்து பயணம் செய்யும் ஒரு மர்மக் கிழவரின் கதை முடிவாயிற்று. தொடரின் பெயர் "டாக்டர் ஹூ." யார் இந்த டாக்டர் என்பதே கேள்வி!

தயாரிப்பாளராக வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்ணை நியூமன் நியமித்தார். அவருக்கு வயது 27. அப்போது பி.பி.சி.யில் வேறு பெண் நாடகத் தயாரிப்பாளர் கிடையாது.

டைரக்டர் வாரிஸ் உசேன். வயது 24. இவர் நம் இந்தியாவில், லட்சுமணபுரி என்று சொல்லுகிறோமே, அந்த லக்னோ நகரில் பிறந்தவர். இவருடைய தாயார் அத்தியா உசேன், பேர் பெற்ற எழுத்தாளர்.

ஒருவர் பெண். மற்றவர் இந்தியர். இருவரும் வயதில் சிறியவர்கள். இவர்களால் முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள்.

முடிந்ததை எழுது!

முதலில் வேறொரு கதைதான் எழுதப்பட்டது. மனிதர்கள் விரல் அளவுக்குச் சுருங்கிப் போகிற கதை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவர்களுக்குக் கிடைத்த லைம் குரோவ் ஸ்டூடியோ பழையது. இடம் குறைவு. புழுக்கம் அதிகம். அங்கே அந்தக் கதையை எடுக்க வழி இல்லை. கதையை ஒதுக்கி வைத்தார்கள்.

ஆன்டனி கோபர்ன் என்ற ஆசிரியர் எழுதிய கதை முதல் இடத்துக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடம். அங்கே சூசன் என்று ஒரு மாணவி. சில பாடங்களில் அவளுக்கு ஆசிரியர்களை விட அதிகம் தெரியும். சில சாதாரண விஷயங்கள் தெரியாது. ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் சந்தேகப்பட்டு, அவளுடைய வீட்டைத் தேடிப் போகிறார்கள். அந்த முகவரியில் வீடு இல்லை. பழைய சாமான் கிடங்குதான் இருக்கிறது. அதன் நடுவே ஒரு நீலப் பெட்டி!

லண்டன் தெருக்களில் அந்தக் காலத்தில் இத்தகைய பெட்டிகள் நின்றன. போலீசைக் கூப்பிட அதில் டெலிபோன் இருக்கும். கோபர்ன் உலாவப் போனபோது ஒரு பெட்டியைப் பார்த்தாராம். அதையே கால யந்திரம் ஆக்கிவிட்டார். வெளியே ஓர் ஆள் நிற்கும் பெட்டி. உள்ளே போனால் பெரிய மண்டபம்!

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் வீரர்கள் மோதும் சண்டையை எழுதிவிட்டு, ஆயிரம் பேருக்கு எங்கே போவது? கல்லூரி நூலகம், மாடிப்படி, பஸ் நிறுத்தம், தோழியின் வீட்டுச் சமையலறை – கையில் இருக்கும் இடத்துக்குக் கதை எழுத வேண்டும். தெருவில் நின்ற பெட்டிதான் உலகப் புகழ் பெற்றது.

சாவி போட்ட சத்தம்

அந்த யந்திரம் கிளம்பும்போது ஒரு விசித்திரச் சத்தம் கேட்கும். அது எப்படி வந்தது தெரியுமா? பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஒலி நிபுணர், தன் தாயார் வீட்டுச் சாவியை எடுத்தார். பழைய பியானோவின் கம்பிகளில் அதை வைத்துச் சுரண்டினார். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, பல விதமாக மாற்றினார்.

தொடக்க இசைக்கு மெட்டு அமைத்தவர் ரான் கிரெய்னர். அதற்கு உருவம் கொடுத்தவர் டெலியா டெர்பிஷயர் என்ற பெண். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே டேப்பில் பதிந்தார். நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்.

பெயர் காட்டும்போது திரையில் புகை போல ஒளி நெளியும். அதற்கு, காமிரா எடுக்கும் படம் தெரிகிற திரையையே நோக்கி அந்தக் காமிராவைத் திருப்பினார்கள். முடி வெட்டும் கடையில் கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி இருந்தால் உருவம் அடுக்கடுக்காகத் தெரியும் அல்லவா? அதே தத்துவம்தான்.

கதவு மூடவில்லை!

கிழவர் டாக்டராக நடிக்க வில்லியம் ஹார்ட்னல் வந்தார். வயது 55. பட்டாளத்துக்காரர் போன்ற முரட்டு வேடங்களில் பேர் வாங்கியவர். அவரை லாம்பர்ட்டும் உசேனும் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள்.

1963 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. வெள்ளோட்டப் படப்பிடிப்பு நடந்தது. 25 நிமிட நாடகம். இன்று போல நினைத்த இடத்தில் நிறுத்தி, மறுபடி எடுக்க முடியாது. டேப்பை வெட்டுவது செலவு பிடிக்கும் வேலை. ஆகவே மேடை நாடகம் போலத் தொடர்ச்சியாக நடித்தாக வேண்டும்.

சோதனை வந்தது. கால யந்திரத்தின் உள் கதவு மூடவில்லை. வசனம் நடக்கும்போதே அது தடதடவென்று அடித்துக்கொண்டது. நடிகர்கள் வசனத்தில் தடுமாறினார்கள். காமிரா நகர்ந்ததிலும் குறை.

இவற்றை விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. டாக்டர் சிடுசிடு என்று எரிந்து விழுந்தார். அவரிடம் அன்பே இல்லை. இப்படிப்பட்ட கிழவரை எந்தக் குழந்தை விரும்பும்?

சீன ஓட்டலில் தீர்ப்பு

நியூமன் படத்தைப் பார்த்தார். குறைகளைக் குறித்துக்கொண்டார். லாம்பர்ட்டையும் உசேனையும் ஒரு சீன ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்.

நியாயப்படி உங்கள் இருவரையும் வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று சொன்னார். இருவருக்கும் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. நீக்கப் போவதில்லை, முழுவதையும் மறுபடி எடுங்கள் என்றார்.

இருவரும் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். டாக்டரின் பேச்சில் கடுமை குறைந்தது. குறும்பு சேர்ந்தது. உடையும் மாறியது. பழங்காலக் கனவானின் உடை வந்தது. சூசன் வேற்று உலகத்துப் பெண் போல் இருந்தது மாறி, நம் வீட்டுப் பெண் போல் ஆனாள். கதையும் நடிகர்களும் மட்டும் மாறவில்லை.

சரியாக மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 18-ந் தேதி இரண்டாவது படப்பிடிப்பு நடந்தது. இந்தத் தடவை தேர் ஓடிற்று!

இன்னொரு சோதனை

ஒளிபரப்பு நாள் நவம்பர் 23. அதற்கு முதல் நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே துக்கத்தில் மூழ்கியது. புது நாடகத்தை யார் கவனிப்பார்கள்? போதாக்குறைக்குச் சில ஊர்களில் மின்சாரமும் நின்று போனது.

இதற்கும் வழி பிறந்தது. அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதல் பகுதியை மறுபடி காட்டினார்கள். ஜனங்கள் கூடினார்கள். தொடர் 1989 வரை நடந்தது. பிறகு 2005-ல் மீண்டும் தொடங்கியது.

தோற்றுப்போன அந்த முதல் படத்தையும் தூக்கி எறியவில்லை. 1991 ஆகஸ்டு 26-ந் தேதி அதையும் பி.பி.சி. ஒளிபரப்பியது. 28 ஆண்டுக்குப் பிறகு, கதவு அடித்துக்கொண்டதை ஜனங்கள் ரசித்துப் பார்த்தார்கள்!

மாணவர்களுக்கு

பைலட் எடுக்கப் போகும் மாணவர்கள் முதலில் கதையைச் சுருக்கமாக எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வசனம். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. நடிகர்களை உட்கார வைத்து, வசனத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வாயில் வராத வசனம் அப்போதே தெரிந்துவிடும். எந்த நாள், எந்த இடம், யார் யார், என்னென்ன சாமான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். படம் எடுக்கும் இடத்துக்கு முன்னதாகப் போய்க் கண்ணை மூடிக் கேளுங்கள். மின்விசிறியின் சத்தமும் பஸ் ஹாரனும் உங்கள் வசனத்தை விழுங்கிவிடும்.

கதவு இருந்தால், பத்துத் தடவை மூடிப் பாருங்கள்!

எடுத்து முடித்ததும், உங்களைப் புகழாத ஐந்து பேருக்குக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் குறையை எழுதிக்கொண்டு, மறுபடி எடுக்க இரண்டு நாளையாவது முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் முதல் படம் சுமாராக இருந்தால் கோபிக்காதீர்கள். சாப்பாடு போட்டு, குறையை எடுத்துச் சொல்லி, "இன்னொரு தரம் எடு" என்று சொல்லுங்கள். சிட்னி நியூமன் செய்ததும் அவ்வளவுதான்.

வெள்ளோட்டம் விடுவது எதற்கு? அச்சு முறிந்தால் அன்றைக்கே முறியட்டும் என்றுதானே!