கடிகார ஒளியின் நிறம்

இரவுப் பயணத்தில் சாலைக்கு அடுத்தபடியாக ஓட்டுநரின் கண் நாடுவது வேகமானியையும் அதனருகே ஒளிரும் சிறு கடிகாரத்தையும்தான். நாக்பூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், அமராவதியில் இருக்கும் தம் தாயாரைக் காண ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் தமது பழைய காரில் செல்பவர். அக்காரின் கடிகாரம் பச்சை ஒளி தந்தது. புதிய கார்களில் காணும் நீலம் தமக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆசையில் தவறில்லை. ஆயினும் ஒளி எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பழைய கார்கள் பலவற்றில், எல்சிடி கடிகாரத்தின் பின்னால் 12 வோல்ட் குமிழ் விளக்கு ஒன்று இருக்கும். குமிழ் தருவது மஞ்சள் கலந்த வெள்ளை ஒளியே. அதைப் பச்சையாக்குவது குமிழின்மேல் மாட்டிய வண்ண உறையோ, முகப்பின் பின்னுள்ள வண்ணத் தாளோ ஆகும். உறையை நீக்காமல் வெள்ளை எல்இடி பொருத்தினால் கடிகாரம் மீண்டும் பச்சையாகவே ஒளிரும். சிவப்பு எல்இடி பொருத்தினாலோ, பச்சை உறை சிவப்பொளியைத் தடுத்துவிடுவதால் ஏறக்குறைய இருளே மிஞ்சும். எல்இடிக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. எரியவில்லையெனில் பழுதென்று வீசிவிடாமல் திருப்பிப் பொருத்திப் பார்க்கலாம்.

வேறு சில கார்களில் எண்களே நீலப்பச்சையாக ஒளிரும். வெற்றிடக் குழலுக்குள் எலக்ட்ரான்கள் ஒளிர்பூச்சின்மீது மோதுவதால் பிறக்கும் நிறம் அது. அங்கே மாற்றுவதற்குக் குமிழே இல்லை. முகப்பில் வண்ணத் தாள் ஒட்டலாம், அவ்வளவே.

நண்பர் நீல எல்இடியைப் பொருத்திக்கொண்டார். முதல் இரவிலேயே கண் கூசியது. எண்கள் கலங்கித் தெரிந்தன. ஒளியைத் தணிக்கும் திருகியும் புதிய விளக்கிடம் பலிக்கவில்லை. கலக்கத்திற்குக் காரணம் கண்ணிலேயே உள்ளது. நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னரே குவிந்துவிடுகிறது. கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரை மையத்தில் நீலத்தை உணரும் கூம்பு செல்களும் மிகக் குறைவு. இருளில் பார்க்க உதவும் கோல் செல்களோ நீலப்பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கின்றன. அவ்வொளி கடுமையாக இருந்தால் இருளுக்குப் பழகிய பார்வை கெடும். அது முழுமையாக மீள அரை மணி நேரம்கூட ஆகலாம். ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரி அதுவரை காத்திராது. செம்மஞ்சளும் சிவப்பும் கோல் செல்களை அவ்வளவாகத் தாக்குவதில்லை. பிஎம்டபிள்யூ கார்களில் பல்லாண்டுகள் செம்மஞ்சள் ஒளியே இருந்தது. அழகு அவரவர் விருப்பம். என் வாக்கு செம்மஞ்சளுக்கே.

சட்டம் இதில் குறுக்கிடுவதில்லை என்றே சொல்லலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. காரின் வெளிநிறம் அச்சான்றிதழில் உண்டு. கடிகார ஒளியின் நிறம் இல்லை. கவலை வேறிடத்தில் உள்ளது. குமிழுக்குப் பதில் குமிழ் மாற்றுவது ஒன்று. கம்பியை வெட்டி ஒட்டுப்போடுவது முற்றிலும் வேறு. உத்தரவாதக் காலத்தில் உள்ள காரில் கம்பியை வெட்டினால் மின்பகுதிக்கான உத்தரவாதம் கேள்விக்குள்ளாகலாம். ஒட்டுப்போட்ட இடத்தில் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தால் காப்பீட்டு ஆய்வாளர் முதலில் நோக்குவதும் அவ்விடத்தைத்தான். எனவே உத்தரவாதமும் கடனும் நிலுவையில் உள்ள புதிய காரில் இம்முயற்சியைத் தள்ளிப்போடுவதே விவேகம்.

நண்பர் பின்னர் செம்மஞ்சள் எல்இடிக்கு மாறினார். முறைப்படி பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே வேலையைச் செய்தார். ஆனால் மின்சாரம் நின்றதும் கடிகாரம் நேரத்தை மறந்துவிடும் என்பதை அவர் மறந்துவிட்டார். அன்றிரவு அமராவதி செல்லும் வழி முழுவதும், கண்ணுக்கு இதமாக, தவறான நேரத்தையே அது காட்டிக்கொண்டிருந்தது.