பூலா அடிப்பவரைக் கவனியுங்கள்

ஹைட்டியில் வோடு சமயப் பூசை நடக்கும் இடத்தில் மூன்று மேளங்கள் இருக்கும். பெரியது மான்மன், தாய் மேளம். நடுவில் இருப்பது செகோன். சின்னது பூலா. கூடவே ஓகான் என்றொரு இரும்பு. மண்வெட்டித் தகட்டையே ஓகானாக வைத்துத் தட்டுவதும் உண்டு. இந்த நான்கும் 'ராடா' குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்றைய பெனின் நாட்டில் உள்ள அலாடாவின் பெயரே ராடா என்று ஆகியிருக்கிறது. அந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கையில் எதையும் கொண்டுவர முடியவில்லை. தாளத்தை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

'யான்வாலு' என்ற தாளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு. 12 என்ற எண்ணை மும்மூன்றாகவும் பிரிக்கலாம், நான்கு நான்காகவும் பிரிக்கலாம். அதனால் ஒரே தாளத்துக்கு ஒருவரின் கால் நாலு முறை தரையில் விழும். பக்கத்தில் ஆடுபவரின் கால் மூன்று முறை விழும். இருவரும் சரியாகத்தான் ஆடுகிறார்கள்.

இந்த 12 துடிப்புக்குள் ஓகான் 7 அடி அடிக்கிறது. பன்னிரண்டை ஏழால் சமமாக வகுக்க முடியாது. சில அடிகள் நெருங்கியும் சில விலகியும்தான் விழும். ஒழுங்கில்லாததுபோலத் தோன்றும் இந்த அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுற்றின் எந்த இரண்டு இடங்களும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. எங்கே காதை வைத்தாலும் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பழகியவருக்குப் புரிந்துவிடும்.

கணினி அறிவியலாளர் கோட்ஃப்ரீட் டூசான் 2005-இல் இப்படிப்பட்ட தாளங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மீப்பெரு பொதுக் காரணி காண யூக்ளிட் தந்த வழிமுறையைப் பள்ளியில் படித்திருப்போம். 7 அடிகளை 12 இடங்களில் முடிந்த அளவு சீராகப் பரப்பச் சொன்னால், அதே வழிமுறை மேற்கு ஆப்பிரிக்க மணித்தாளத்தைத் தருகிறது. 5 அடிகளை 8 இடங்களில் பரப்பினால், 'தக் – தக்தக் – தக்தக் –' என்று கியூபாவின் சின்கியோ தாளம் வருகிறது. நியூட்ரான் ஆய்வுக்கூடக் கருவிகளில் நேரத்தைப் பங்கிடவும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பலகையும் சுண்ணக்கட்டியும் இல்லாமல், காதை மட்டுமே நம்பித் தாளக் கலைஞர்கள் இதே விடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இனி மான்மன். அதன் முகம் மாட்டுத்தோல். பக்கவாட்டில் செருகிய முளைகளைத் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றுவார்கள். வாசிப்பவர் திடீரென்று விரலைத் தோலில் அழுத்தி இழுப்பார், மேளம் முனகும். கழுவிய தட்டில் ஈர விரலை இழுத்தால் கீச்சிடுமே, அதே இயற்பியல்தான். விரல் தோலில் ஒட்டிக்கொள்ளும், வழுக்கும், மறுபடி ஒட்டும். 'ஒட்டி வழுக்கல்' என்னும் இந்த உராய்வு அதிர்வே வயலின் வில்லுக்கும் ஒலி தருகிறது.

மான்மனின் பெரிய ஆயுதம் 'கஸே', அதாவது முறிப்பு. அலைபோல முதுகை நெளித்து எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது, தாளத்துக்குக் குறுக்கே அடிகள் இறங்கும். ஆட்டம் சட்டென்று உடைந்து வெட்டி வெட்டி இழுக்கும். ல்வா எனப்படும் தெய்வங்கள் ஆள்மேல் இறங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் என்பார்கள். ஆனால் முறிப்பு முறிப்பாகத் தெரிவதற்கு முறியாத ஒன்று அருகிலேயே ஓட வேண்டும். அந்த வேலையைச் செய்வது பூலா. இரண்டு மெல்லிய குச்சிகளால், மாற்றமே இல்லாமல், அலுக்காமல் அடித்துக்கொண்டிருப்பார் அதை வாசிப்பவர். கைதட்டல் மான்மனுக்குப் போகும். கட்டடத்தைத் தாங்குவது பூலாதான்.

இந்தப் பூலா கடலும் தாண்டியிருக்கிறது. 1791-இல் ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைத் தொடர்ந்து பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் பலர் கிழக்குக் கியூபாவுக்கு ஓடினார்கள். தங்கள் அடிமைகளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த அடிமைகள் வழியில் வந்ததுதான் சான்டியாகோவிலும் குவாந்தானமோவிலும் இன்றும் ஒலிக்கும் 'தும்பா பிரான்சேசா'. அங்கே தாளத்தைத் தாங்கும் மேளத்தின் பெயர் புலா. பக்கத்தில் கிடத்திய மரத்துண்டில் இரு குச்சிகள் அடிப்பது அதே ஐந்தடிச் சின்கியோ. குவாதலூப்பின் குவோகா மேள இசையிலும் பூலா உண்டு. கரியாக்கு தீவின் 'பெருமேளம்' என்னும் ஆட்டத்திலும் பூலா உண்டு. போர்ட்டோ ரிக்கோவின் போம்பா ஆட்டத்தில் அதுவே புலேயதோர். தீவுக்குத் தீவு மொழி மாறியிருக்கிறது. ஆண்ட அரசு மாறியிருக்கிறது. அந்த மேளத்தின் வேலை மாறவில்லை.

மாறியது தலைமை. ஹைட்டியில் கனத்த குரலுள்ள பெரிய மேளம் தலைவன். குவாதலூப்பிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கீச்சுக்குரல் மேளம் தலைவன். போம்பாவில் இன்னொரு திருப்பம்: ஆடுபவர் உடலை அசைக்கிறார், மேளக்காரர் அதைப் பார்த்து அந்த நொடியிலேயே பதில் சொல்கிறார். ஹைட்டியில் மேளம் ஆட்டத்தை உடைக்கிறது. இங்கே ஆட்டம் மேளத்தை நடத்துகிறது.

இந்தக் கலை சும்மா பிழைத்து வரவில்லை. 1941-42-இல் ஹைட்டியில் வோடுக்கு எதிராகத் திருச்சபை நடத்திய இயக்கத்தில் மேளங்களைக் கொளுத்தினார்கள். எரிந்தவை மேளங்கள்தான், தாளம் அல்ல. ஜாஸ் மேதை மேக்ஸ் ரோச், தீ ரோரோ என்ற ஹைட்டிக் கலைஞரிடம் கற்கத் தேடிப்போனார். நியூயார்க்கில் குடியேறிய ஃப்ரிஸ்னர் ஓகுஸ்தானுக்கு 1999-இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது.

யான்வாலு பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. முதல் முறை கேட்கும்போது மான்மனை விட்டுவிடுங்கள். பூலாவை மட்டும் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். அது பிடிபட்ட பிறகு மான்மன் எங்கே முறிக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.