கருவூலத்தின் சாவி யாரிடம்?

ஒரு ரூபாய் நோட்டு கையில் கிடைத்தால் அதைச் சற்று உற்று நோக்குங்கள். பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பமும், அத்தொகையைத் தருவதாக அவர் அளிக்கும் உறுதிமொழியும் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டில் அவ்வுறுதிமொழி இல்லை. கையொப்பமும் ஆளுநருடையது அன்று. மைய அரசின் நிதி அமைச்சகச் செயலாளருடையது. காரணம் எளியது. காகிதத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது நாணயமே. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இதனைத் தெளிவாகவே கூறுகிறது. நாணயம் வெளியிடுவது அரசின் உரிமை. மற்ற நோட்டுகளை வெளியிடுவது ரிசர்வ் வங்கியின் பணி. 1994-இல் நிறுத்தப்பட்ட இந்த நோட்டு 2015-இல் மீண்டும் வெளிவந்தது.

இக்கையொப்பத்தைக் காண்பவர், நாட்டின் பணம் முழுவதும் நிதி அமைச்சகத்தின் கைப்பிடியில் இருப்பதாக எண்ணக்கூடும். ஆனால் பணத்தைத் திரட்டுபவர், செலவுக்கு இசைவு தருபவர், கணக்கு எழுதுபவர், அதனைச் சரிபார்ப்பவர் ஆகியோர் ஒருவராகவே இருத்தல் கூடாது என்பதே நம் அரசியலமைப்பின் ஏற்பாடு. அவ்வேற்பாட்டில் நிதி அமைச்சகத்தின் இடம் யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

இன்று இவ்வமைச்சகத்தின் கீழ் ஆறு துறைகள் உள்ளன. வரவு-செலவுத் திட்டத்தைத் தயாரிப்பது, கடன் திரட்டுவது, நாணயம் அச்சடிப்பது ஆகியவை பொருளாதார விவகாரத் துறையின் பொறுப்பு. பொதுத்துறை வங்கிகளும் ஆயுள் காப்பீட்டுக் கழகமும் நிதிச் சேவைகள் துறையின் பார்வையில் இயங்குகின்றன. அரசின் பங்கு முதலீடுகளைக் கவனிக்க ஒரு துறையும், பொதுத்துறை நிறுவனங்களுக்கென ஒரு துறையும் உண்டு. இவற்றுள் பின்னது 2021-இல்தான் இங்கு மாற்றப்பட்டது.

வருவாய்த் துறையின் கீழ் இரு வாரியங்கள் உள்ளன. வருமான வரி போன்ற நேர்முக வரிகளை ஒன்றும், சுங்கம் முதலான மறைமுக வரிகளை மற்றொன்றும் கவனிக்கின்றன. 1964 வரை இரண்டும் ஒரே வாரியமாக இருந்தன. வரவு-செலவுத் திட்டம் என்றதும் எது விலை ஏறும், எது இறங்கும் என்று காத்திருந்த காலம் ஒன்று உண்டு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின்னர், பெரும்பாலான பொருள்களின் வரி விகிதம் அத்திட்டத்தில் முடிவாவதில்லை. அது தனி மன்றத்தின் பரிந்துரைப்படி அமைகிறது. ஆயினும் பழைய பழக்கம் நம்மை விட்டபாடில்லை!

ஆறனுள் மக்கள் அதிகம் அறியாதது செலவினத் துறையாகும். மற்ற அமைச்சகங்கள் பணம் கேட்கும்போது, 'ஏன்? எவ்வளவு? இப்போதே வேண்டுமா?' என்று வினவும் வேண்டாத வேலை இதனுடையது. ஒவ்வோர் அமைச்சகத்திலும் ஒரு நிதி ஆலோசகர் அமர்ந்து இக்கேள்விகளைக் கேட்கிறார். இத்துறையின் கீழ்தான் கணக்குகளின் தலைமைக் கட்டுப்பாட்டாளரும் பணியாற்றுகிறார். 1976 வரை மைய அரசின் கணக்குகளைத் தொகுத்து எழுதியதும் தணிக்கை செய்ததும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அலுவலகமே. விடைத்தாளை எழுதியவரே அதற்கு மதிப்பெண்ணும் இடுவது போன்ற அந்நிலை அவ்வாண்டில் மாற்றப்பட்டது. கணக்கெழுதும் பணி அமைச்சகங்களிடம் வந்து சேர்ந்தது.

இனிக் கருவூலத்திற்கு வருவோம். அரசு வசூலிக்கும் வரிகளும் வாங்கும் கடன்களும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கின்றன. சட்டத்தின் துணையின்றி வரி விதித்தல் ஆகாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு. நாடாளுமன்றம் இயற்றும் ஒதுக்கீட்டுச் சட்டமின்றித் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தல் ஆகாது என்கிறது 114-ஆம் பிரிவு. ஆகவே ஒவ்வோர் அமைச்சகமும் மானியக் கோரிக்கை வைத்து மக்களவையின் ஒப்புதலைப் பெறவேண்டும்.

ஏட்டில் உள்ள இவ்வரண் நடைமுறையில் அவ்வளவு உறுதியானதன்று. விவாதிக்க நேரம் கிடைக்காத கோரிக்கைகளை இறுதி நாளன்று ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுகின்றனர். 'கில்லட்டின்' என்பது இதற்கு வழங்கும் பெயர். பல இலட்சம் கோடி ரூபாய் இவ்வாறு சில நிமிடங்களில் நிறைவேறிவிடுகிறது. மேலும், பழைய கடனுக்குரிய வட்டி வாக்கெடுப்புக்கு உட்பட்டதன்று. அதைப்பற்றி அவையில் பேசலாம், மறுக்க இயலாது. எதிர்பாராச் செலவுகளுக்கென உள்ள தனி நிதியோ 2021-இல் 500 கோடியிலிருந்து 30,000 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதலில் செலவழித்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறும் வழி இது. பேரிடர்க் காலத்தில் இது தேவையே; எனினும் அறுபது மடங்கு உயர்வு இன்னும் விரிவான விவாதத்திற்கு உரியது என்பது என் கருத்து.

செலவான பின் தணிக்கையாளரின் அறிக்கை வருகிறது. அதனைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 1967 முதல் இக்குழுவின் தலைவராக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே அமர்வது மரபாகியுள்ளது.

இத்தனை காவலையும் மீறிப் பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இதற்கு விடை தந்தது முந்த்ரா வழக்கு. 1956-இல் தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கழகம், மறு ஆண்டே ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசிக்கவில்லை. பாலிசிதாரர்களின் பணம் சரியும் நிறுவனங்களுக்கு முட்டுக்கொடுக்கப் போயிற்று. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி இதனை மக்களவையில் எழுப்பினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகனும் ஆவார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்திச் சில வாரங்களிலேயே அறிக்கை அளித்தார். இது செயலாளர் செய்த காரியம், தாம் இசைவு தரவில்லை என்பது நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் வாதம். தம் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்பது சக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். அம்மாத இறுதியில் வரவு-செலவுத் திட்டத்தை நேருவே அளிக்க நேர்ந்தது. கிருஷ்ணமாச்சாரி 1963-இல் மீண்டும் அதே பதவிக்கு வந்தார் என்பது வேறு கதை.

இதுவரை கூறியவை மைய அரசுக்குள் நிகழ்வன. திரட்டிய பணத்தை மாநிலங்களோடு பங்கிடுவதிலும் அமைச்சகத்திற்கு முழு உரிமை இல்லை. 280-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அமைக்கும் நிதிக்குழு பங்கினைப் பரிந்துரைக்கிறது. 2021-26 காலத்திற்குப் பதினைந்தாவது குழு பரிந்துரைத்த பங்கு 41 விழுக்காடு. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் மைய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்றுகூடினும் மையத்தின் இசைவின்றி எதுவும் நிறைவேறாது என்பது கணக்குத் தெரிந்தவர்க்கு விளங்கும்.

பங்கீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. மேல்வரியும் செஸ் எனப்படும் கூடுதல் தீர்வையும் பங்கிடும் தொகையில் சேர்வதில்லை. ஆகவே அவை பெருகப் பெருக, 41 விழுக்காடு என்பது சிறிய தொகையின் 41 விழுக்காடாகிவிடுகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் நெடுநாள் முறையீடு இது. வருமான வரி செலுத்தும் ஆசிரியர் எவரிடமேனும் அவரது வரிக் கணக்குத் தாளைக் கேட்டுப் பாருங்கள். 'உடல்நலம் மற்றும் கல்வி செஸ் 4 விழுக்காடு' என்று ஒரு வரி இருக்கும். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பெரும்பாலும் நடத்துபவை மாநில அரசுகளே. ஆயினும் அந்தப் பணத்தில் நிதிக்குழு வகுத்த பங்கு அவற்றுக்கு இல்லை. மைய அரசின் ஏதேனுமொரு திட்டத்தின் வழியாக, அத்திட்டத்தின் நிபந்தனைகளோடுதான் அது வந்து சேரும்.