கோவா: விழாக் காலமும் மழைக் காலமும்

கோவாவின் கடற்கரைகளுக்கு டிசம்பர் இறுதியே உச்சப் பருவம். 2007-ஆம் ஆண்டு காண்டோலிம் கடற்கரையில் தொடங்கிய ‘சன்பர்ன்’ இசைவிழா அதற்கு மேலும் புகழ் சேர்த்தது. அந்நாட்களில் அறை வாடகை பன்மடங்கு உயர்கிறது. சாலைகளும் துப்புரவுப் பணிகளும் திணறுகின்றன.

ஜூனில் பருவமழை தொடங்கியதும் நிலை மாறுகிறது. மணற்பரப்பிலுள்ள தற்காலிக உணவுக் குடில்கள் பிரிக்கப்படுகின்றன. அவற்றை நம்பிய தொழிலாளர் வருவாய் இழக்கின்றனர். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. கொந்தளிக்கும் கடலில் நீராடுவதும் ஆபத்து.

எனினும் இக்காலத்திற்கும் தனிச் சிறப்புண்டு. தூத்சாகர் அருவி பொங்கி வீழ்கிறது. ஜூன் 24, புனித யோவான் திருநாளன்று, மலர்முடி சூடிய இளைஞர்கள் மழைநீர் பெருகிய கிணறுகளில் குதித்து மகிழ்கின்றனர். பயணிகள் மழைக்காலத்திலும் சிற்றூர்களை நாடினால், சில வாரங்களில் குவியும் சுமை குறையும். உள்ளூர் மக்களின் வருவாயும் ஆண்டு முழுவதும் பரவும்.