கண்ணை மறைத்தால் எந்த ஸ்பீக்கர் ஜெயிக்கும்?

லட்ச ரூபாய் ஸ்பீக்கரில்தான் பாட்டு நிஜமாகக் கேட்குமா? இசைப் பிரியர்களிடையே ஓயாத சண்டை இது. பர்ஸைத் திறக்கும் முன் ஒரு பழைய சோதனையைத் தெரிஞ்சுக்கலாம்.

என்ன சோதனை?

1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளர்கள், அமெரிக்காவின் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரிடம் நான்கு ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஸ்பீக்கரைப் பார்த்தபடி ஒருமுறை, திரைக்குப் பின்னால் மறைத்து ஒருமுறை. பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை உயர்ந்தவற்றுக்கு மார்க் ஏறியது. சின்ன, மலிவானதற்குச் சரிந்தது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது.

ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்ததன் வித்தியாசமும் திரை இருந்தபோதுதான் மார்க்கில் நன்றாகத் தெரிந்தது.

அப்போ எல்லாமே ஒண்ணுதானா?

இல்லை. மறைத்துக் கேட்டாலும் பெரும்பாலானோருக்குப் பிடிப்பது ஒரே வகை: பேஸ், குரல், ட்ரெபிள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் தருவது. பக்கவாட்டில் பரவும் ஒலியும் அதே சாயலில் இருக்கணும். காரணம், அது சுவரில் பட்டு நம் காதுக்கே திரும்புகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

மூலையில் திணித்தால் பேஸ் வீங்கிக் குரலை மூடும்; சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். டைல்ஸ் தரையில் ஒரு கார்ப்பெட் போட்டால் எதிரொலி குறையும்.

கடையில் இரண்டையும் ஒரே வால்யூமில் கேளுங்கள். சத்தம் கூடினாலே நல்லாயிருக்கிற மாதிரி தோன்றும். விலையைக் கடைசியில் கேளுங்கள்.