தெரிந்தவர்களே தவறும் பரீட்சை

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், டெக்னோபார்க் கட்டடங்களுக்கு ஆறுகளின் பெயர்கள்: நிளா, பம்பா, பவானி, பெரியார். (கடைசிப் பெயர் பெரியாற்றைக் குறிப்பது, ஈரோட்டுக்காரரை அல்ல.) கேரள அரசு 1990ல் துவக்கி, 1995ல் பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்த வளாகம் இது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து இளைஞர்களுக்கும் இங்கே பிழைப்பு உண்டு. இது போன்ற சாஃப்ட்வேர் வளாகங்களில் காலை வேளைச் சடங்கு ஒன்றிருக்கிறது. ஏழெட்டுப் பேர் வட்டமாக நிற்கிறார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஆளுக்கு மூன்று வரி ஒப்பிக்கிறார்கள். மானேஜர் தலையாட்டுகிறார். ‘ஸ்க்ரம்’ முடிந்தது.

ஐந்தாறு வருடம் இப்படி நின்றவருக்கு ஸ்க்ரம் அத்துப்படி என்ற நம்பிக்கை வந்துவிடுவது இயல்பு. அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்க்க ஒரு மணி நேரப் பரீட்சை போதும்.

ஸ்க்ரம் என்பது ரக்பி ஆட்டத்துச் சொல். வேலையைத் தொடர் ஓட்டக் கோல் மாதிரி துறைக்குத் துறை கைமாற்றாமல், ரக்பி வீரர்களைப் போல் ஒரே குழுவாக முன்னேறும் கம்பெனிகளைப் பற்றி, ஜப்பானியப் பேராசிரியர்கள் டகேயுச்சியும் நொனாகாவும் 1986ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். அமெரிக்கர்களான ஜெஃப் சதர்லண்டும் கென் ஷ்வேபரும் அதை சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்து, 1995ல் ஆஸ்டின் நகர மாநாடு ஒன்றில் முன்வைத்தார்கள். 2010ல் இருவரும் விதிகளை ‘ஸ்க்ரம் கைடு’ என்று எழுதிவைத்தார்கள். 2020ல் வந்த பதிப்பு வெறும் 13 பக்கம்.

பரீட்சைகள் இரண்டு பிரபலம். ஸ்க்ரம் அலையன்ஸின் சி.எஸ்.எம்.முக்கு முதலில் வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு 50 கேள்விகளில் 37 சரியானால் போதும். அந்த அமைப்பிலிருந்து 2009ல் வெளியேறிய ஷ்வேபர் துவக்கிய ஸ்க்ரம் டாட் ஆர்கின் பி.எஸ்.எம். முதல் நிலைக்கு வகுப்பு கட்டாயமில்லை. ஆனால் 60 நிமிடத்தில் 80 கேள்விகள், தேற 85 சதவீதம். கேள்விக்கு 45 விநாடிதான்.

கஷ்டம் நேரத்தில் மட்டுமில்லை, பழக்கத்திலும் இருக்கிறது. டெய்லி ஸ்க்ரம் யாருக்காக? மானேஜருக்கு நிலவரம் சொல்ல என்று அனுபவஸ்தரின் கை தானாகப் போகும். கைடின்படி அது டெவலப்பர்கள் தங்களுக்காக நடத்திக்கொள்ளும் 15 நிமிடம். மானேஜர் என்ற பாத்திரமே அதில் கிடையாது. அந்த மூன்று கேள்விகள்கூட 2020 பதிப்பில் இல்லை. ஸ்ப்ரின்ட் முடிய இரண்டு நாள், வேலை பாக்கி, நீட்டிக்கலாமா? ஆபீசில் நீட்டுவார்கள், பரீட்சையில் தவறு. ஸ்ப்ரின்டை ரத்து செய்யும் அதிகாரம்? ப்ராடக்ட் ஓனர் ஒருவருக்கே. எல்லோரும் சத்தியம் செய்யும் ‘ஸ்டோரி பாயின்ட்’? அந்தச் சொல்லே கைடில் இல்லை.

இதற்குக் காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் தேதியும் வேலைப் பட்டியலும் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. எதை, எப்படி, யார் செய்வது என்பதைக் குழுவே தீர்மானிக்கும் என்கிறது கைடு. இரண்டுக்கும் நடுவில் ஸ்க்ரம் மாஸ்டர் சிக்கிக்கொள்கிறார். தடைகளை நீக்க வேண்டியவர் தினமும் எக்ஸெல் நிரப்பும் குமாஸ்தாவாகிவிடுகிறார்.

தயாரிப்புக்கு ‘ஸ்க்ரம் ஓப்பன்’ என்ற இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது, 30 கேள்விகள். பலர் செய்வது என்னவென்றால், நூற்றுக்கு நூறு வரும்வரை அதையே திரும்பத் திரும்ப எழுதுவது. கேள்விகள் மனப்பாடமாகிவிடும், புத்தி அதே இடத்தில் நிற்கும். அசல் தேர்வில் கேள்வியின் வாசகம் சற்று மாறினால் கதை கந்தல். இதைவிடப் பலன் தரும் வழி மெதுவானது. முதலில் 13 பக்கத்தையும் படித்துவிட்டு ஒரே ஒரு முறை மாதிரித் தேர்வு எழுதுவது. தவறிய ஒவ்வொரு விடைக்கும் கைடில் எந்த வரி பதில் சொல்கிறது என்று தேடுவது. அந்த வரிக்கு நேராக, போன ஸ்ப்ரின்டில் தன் குழு என்ன செய்தது என்று எழுதிப் பார்ப்பது. முக்கால்வாசி முடிந்த வேலையை ரிவ்யூவில் காட்டிக் கைதட்டல் வாங்கியது நினைவுக்கு வரும். ‘முடிந்தது’ என்பதற்கு ஒப்புக்கொண்ட இலக்கணத்தை எட்டாத எதையும் ரிவ்யூவில் காட்டக்கூடாது என்கிறது கைடு. இப்படி ஒரு தரம் சுட்டுக்கொண்டவருக்கு அந்தக் கேள்வி மறுபடி தவறாது.

மேல் நிலைகளில் மனப்பாடம் இன்னும் எடுபடாது. மூன்றாம் நிலையில் கட்டுரையாக எழுத வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிஞ்சுகிறது. ஒவ்வொரு ஸ்ப்ரின்டின் கடைசியிலும், நடந்ததைத் திரும்பிப் பார்க்க ரெட்ராஸ்பெக்டிவ் கூட்டம் உண்டு. ஒரு மாத ஸ்ப்ரின்டுக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம். அவசரம் என்றால் ஆபீஸ்களில் முதலில் கைவைக்கப்படுவது அதில்தான். தேறியவர் செய்யக்கூடிய முதல் காரியம், அடுத்த ரெட்ராஸ்பெக்டிவை ரத்தாகாமல் பார்த்துக்கொண்டு, காலைக் கூட்டத்தில் எல்லோரும் ஏன் மானேஜரின் முகத்தையே பார்க்கிறார்கள் என்று அங்கே கேட்பது.